வண்ணார்பேட்டை நடைமேடையும் ஒரு மிடா ஆணியும்

பென்ஷன் வாங்கிக்கொண்டு போலீஸ் லயனை விட்டு நான் வெளியே வந்து ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் ஸ்டேஷனில் புதிதாகச் சேர்ந்த மூன்று கான்ஸ்டபிள்கள் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"அண்ணாச்சி, இப்போ எங்களுக்கு ஆளுக்கு ஒரு ஊதல் குடுத்திருக்காவ. கன்னம் வீங்க ஊதினாலும் சைக்கிள்காரன் நடைமேடைய விட்டு எறங்க மாட்டேங்கான். மோட்டார்காரன் கேட்கவே வேண்டாம். ஊதல் இல்லாத காலத்துல நீங்க எப்படி நிறுத்தினீய?" என்று கேட்டார்கள்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. தலையை ஆட்டினேன். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும், சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. எனக்கு எப்போதுமே அப்படித்தான். ஆகையால் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. அதற்குத் தக்கபடி படித்துக்கொள்ளுங்கள்.

என் அய்யா ஏரல் ரோட்டில் பார வண்டி ஓட்டியவர். நான் வண்டியிலும் மாட்டிலும் வளர்ந்தவன். ஆள் உயரமாக இருந்ததால் போலீஸில் எடுத்துக்கொண்டார்கள். கவாத்தில் என்னைக் குறை சொன்னவர் இல்லை. ஆனால் "யார் அங்கே?" என்று உரக்கக் கேட்கச் சொன்னால் என் சத்தம் எனக்கே கேட்காது. "ஏலே சொடலமுத்து, நீ திருடனப் பிடிக்கப் போறியா, தொட்டில்ல போட்டுத் தூங்க வைக்கப் போறியா?" என்பார் ஏட்டையா. மைதானமே சிரிக்கும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மாட்டிடம் மட்டும் எனக்குக் கூச்சம் கிடையாது. இறக்கத்தில் வண்டி கட்டுக்கு அடங்காமல் ஓடும்போது நான் வயிற்றிலிருந்து "ஹோ... ஓவ்!" என்று ஒரு சத்தம் கொடுத்தால், காளைகள் இரண்டும் நட்ட கல் மாதிரி நிற்கும். கவாத்து மைதானத்தில் மாடு இல்லாததால் இந்தத் திறமை மேலதிகாரிகளுக்குத் தெரியாமலே போயிற்று.

கைதிக்கு வழிக்காவல், கஜானாக் காவல் என்று சில வருஷம் கழித்துவிட்டு, ஆற்றுப் பாலத்து டூட்டிக்கு வந்தேன். ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. வண்ணார்பேட்டை முச்சந்தியிலிருந்து பாலம் வரைக்கும், பிறகு பாலத்தின் ஓரமாகவும், நடந்து போகிறவர்களுக்கென்று கல் பாவி ஒரு நடைமேடை கட்டியிருந்தார்கள். ரோட்டைவிட ஒரு சாண் உயரம். தலையில் கூடை வைத்த இரண்டு பேர் எதிரும் புதிருமாக வந்தால் உரசாமல் போகலாம். அவ்வளவுதான் அகலம். அதன்மேல் எந்த வண்டியும் ஏறக்கூடாது என்று உத்தரவு. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அப்போது இந்தப் பக்கம் சைக்கிள் வைத்திருந்தவர்கள் மொத்தம் பதினைந்து பேர் இருக்கலாம். பள்ளிக்கூட வாத்தியார்கள், கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரி குமாஸ்தாக்கள், ஒரு கம்பவுண்டர். எல்லாரும் படித்தவர்கள், மரியாதை தெரிந்தவர்கள். முச்சந்தி வந்ததும் ஒருவர் விடாமல் நடைமேடையில் ஏறிவிடுவார்கள்.

சைக்கிளை நிறுத்துவதற்கு ஒரு முறை உண்டு. எதிரே போய் நின்று கைப்பிடியைப் பிடிக்கக்கூடாது. ஓட்டுகிறவர் நம் மேலேயே விழுவார். இடப்பக்கம் ஒதுங்கி நின்று, நம்மைக் கடக்கும்போது உட்காரும் தோலுக்கு அடியில் இருக்கும் சுருள் கம்பியைப் பிடித்து, இரண்டு எட்டு கூடவே ஓடிப் பிறகு நிறுத்த வேண்டும். அப்புறம் முன் சக்கரம் நின்ற இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. அங்கிருந்து பாலத்துத் தூண் வரை எத்தனை எட்டு என்று நடந்து பார்க்க வேண்டும். பெயர், தகப்பன் பெயர், ஊர், தொழில், எந்தத் திசையில் போனார், சாட்சி இரண்டு பேர். இவ்வளவும் எழுதி முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆகும். அதற்குள் மேலும் நாலு சைக்கிள் அதே மேடைமேல் மணியடித்துக்கொண்டு போய்விடும்.

இந்த முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் இன்ஸ்பெக்டர் அய்யா. மெலிந்த மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எதையும் ஒரு தடவைதான் சொல்வார். கைக்குட்டையை நாலாக மடித்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்காருவார். ஒரு கேள்வி கேட்டதும் கண்ணை மூடிக்கொள்வார். நாம் பதில் சொல்லி முடிக்கும்வரை திறக்கமாட்டார். நல்ல பழக்கம் என்று நினைத்தேன். பார்க்கிற கண் இல்லாவிட்டால் எனக்குப் பேச்சு ஓரளவு வரும். அந்த ஸ்டேஷனில் நான் முழு வாக்கியமாகப் பேசியது அவர் ஒருவரிடம்தான். ஒரு நாள் ஏட்டையாவிடம் இதைச் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கண்ண மூடுதாரா? எங்கள எல்லாம் முழிச்சு முழிச்சுல்லா பாக்காரு!" என்றார். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

நடைமேடையில் தினமும் போய்வருகிறவர்களில் வேலம்மாள் என்று ஒரு அம்மா உண்டு. குயவர் வீட்டுப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கூடை நிறைய மண்பானை அடுக்கித் தலையில் சும்மாடு வைத்து, கழுத்தைத் திருப்பாமல், பாலத்துக்கு அக்கரையில் டவுனுக்குக் கொண்டுபோய் விற்பாள். ஒரு நாள் பின்னாலிருந்து வந்த மணிச் சத்தத்துக்குப் பதறி ஒதுங்கியதில் அத்தனை பானையும் கீழே விழுந்து நொறுங்கிவிட்டன. சைக்கிளில் வந்தவர் மிஷன் பள்ளிக்கூடத்து தேவசகாயம் வாத்தியார். நல்லவர். இறங்கி உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக் கொடுத்தார். ஆனால் இறங்கியது நடைமேடையில்தானே? நான் சாக்குக்கட்டியை எடுத்தேன்.

வேலம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏ தம்பி, நீரு கோடு போட்டுக்கிட்டே இரும். அவங்க பானைய ஒடச்சிக்கிட்டே இருக்கட்டும். கோலம் நல்லாத்தான் இருக்கு!"

நான் போட்ட முதல் கேஸ் அதுதான். பெஞ்சு கோர்ட்டில் வாத்தியார் எழுந்து நின்று, "மேடையில ஏறுனது உண்மைதான் அய்யா. ரோடு முழுக்க ஆணி. ஒரே வாரத்துல மூணு தடவை டயர் ஓட்டையாயிட்டு. நான் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள்ல போறதா, சைக்கிளச் சுமந்துக்கிட்டுப் போறதா?" என்றார்.

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். "கான்ஸ்டபிள், ரோட்டில் ஆணி உண்டா?"

நூறு கண் என் மேல் இருந்தது. சட்டைப் பையில் கையை விட்டு, அன்று காலையில் பொறுக்கியதை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பதினேழு ஆணி. எப்போதும் தரையைப் பார்த்து நடக்கிறவன் கண்ணில் ஆணி தப்பாது. செருப்பு இல்லாத காலுக்கும் அது தப்பாது. ஆகவே டூட்டிக்கு வந்ததும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வது என் வழக்கம். கோர்ட்டு முழுக்கச் சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் சிரித்து, வாத்தியாரை எச்சரித்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அய்யா கூப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"கேஸப் போட்டதும் நீதான், கவுத்ததும் நீதான். அப்படித்தானடே?"

"ஆமா அய்யா."

"பொய் சொல்லச் சொல்லல. ஆனா மேடை நடக்கிறவனுக்கு. மேலேருந்து என்னக் கேக்காவ. அடுத்த மாசம் பொறக்கிற அன்னிக்கு வந்து பாப்பேன். மேடையில ஒரு சக்கரம் இருக்கப்படாது. இருந்தா உன்னப் புன்னக்காயல் கடக்கரைப் பக்கம் மாத்திட்டு, சத்தம் போடத் தெரிஞ்ச ஆளா ஒருத்தன இங்கன போடுவேன்."

மாற்றல் என்றால் எனக்குப் பயம். காரணம் இருந்தது. முப்பது வயது தாண்டியும் பெண் பார்க்கப் போகக் கூசிக் கூசியே நாளைக் கடத்தியவன் நான். அப்போதுதான் சிந்துபூந்துறையில் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். பெண் பார்க்கப் போன அன்று நான் தரையைப் பார்த்தேன். அவளும் தரையைப் பார்த்தாள். இவளோடு வாழலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஆனால் அவள் தகப்பனார் ஒரே பேச்சில் சொல்லியிருந்தார்: "ஒத்தப் பொண்ணு. மாப்பிள்ளைக்கு வேல இந்த ஊர்ல இருக்குங்கவரைக்கும்தான் சம்மதம். கடக்கரைக்கெல்லாம் அனுப்ப மாட்டேன்." மாற்றல் வந்தால் கல்யாணம் இல்லை.

அன்றிலிருந்து விடியும் முன்பே முச்சந்திக்குப் போய் ஆணி பொறுக்கினேன். ஆணி இல்லாவிட்டால் சைக்கிள்காரர்கள் ரோட்டில் போவார்கள் என்பது என் கணக்கு. இரண்டு வாரம் பொறுக்கினேன். மறுநாள் போனால் அதே அளவு ஆணி கிடக்கும். பூமியிலிருந்து முளைக்கிறதோ என்று நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் வேலம்மாள் டவுனிலிருந்து வெறுங்கூடையோடு திரும்பினாள். முச்சந்தியில் நான் செய்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏ தம்பி! காலையில பொறுக்குதீரு, சாயங்காலம் வெதைக்கீரு. இது என்ன வெள்ளாம?"

என் கை அந்தரத்தில் நின்றது.

விஷயம் இதுதான். முச்சந்திக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் லாடக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஏரல் பக்கத்து வண்டிக்காரர்கள் அங்கேதான் காளைக்கு லாடம் மாற்றுவார்கள். பழைய லாடத்தைக் கழற்றியதும் அந்த ஆணிகளை வண்டிக்காரர் கையில் வாங்கி, காளையின் தலையை மூன்று தடவை சுற்றி, துப்பி, முச்சந்தியில் வீசிவிடுவார். அதன்மேல் வண்டிச் சக்கரம் ஏறினால் மாட்டின்மேல் விழுந்த கண்ணேறு போய்விடும். என் அய்யாவும் வீசியிருக்கிறார். நானும் வீசியிருக்கிறேன். ஆகவே ஊரார் மாட்டுத் திருஷ்டியையெல்லாம் பகல் முழுக்கப் பையில் சுமக்கிறோமே என்ற பயத்தில், டூட்டி முடிந்ததும் அத்தனை ஆணியையும் என் தலையை மூன்று தடவை சுற்றி, துப்பி, முச்சந்தியில் வீசிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். வருஷக்கணக்கான பழக்கம். கை தானாகச் செய்தது. புத்தி அந்தப் பக்கமே போகவில்லை.

வேலம்மாளிடம் ஒருவாறு இதைச் சொல்லி முடித்தேன். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நாளைக்கு நான் ஒரு மிடா கொண்டாரேன்" என்றாள். "சூளையில கொஞ்சம் கோணிப் போச்சு. விக்காது. ஆனா நாலு கொடம் தண்ணி கொள்ளும். முச்சந்தியிலயே வைப்போம். மஞ்சத்தண்ணியில போட்டா எந்தத் திருஷ்டியும் குளுந்து போவும். ஆரத்தி பின்ன எதுக்கு எடுக்கோம்?"

மறுநாள் அந்தப் பெரிய பானை வந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர் ஊற்றி, வேப்பிலை கட்டினாள். வண்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் பெரியவர் ஏரல் சுப்பையா அண்ணாச்சி. என் அய்யாவோடு வண்டி ஓட்டியவர்.

"சக்கரம் மிதிக்கணும்லா, அதான முறை?" என்றார் அவர். "தண்ணியில போட்டா யாரு மிதிப்பா? தவளையா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். வேலம்மாள் விடவில்லை.

"அண்ணாச்சி, உங்க மயிலக்காள ஏன் நொண்டுது?"

"கால்ல ஆணி ஏறிட்டு."

"எந்த ஆணி?"

அவர் குனிந்து காளையின் குளம்பைப் பார்த்தார்.

"போன மாசம் நீங்களே சுத்திப் போட்ட ஆணியா இருக்கும். திருஷ்டிய வீசுனீய. அது வீட்டுக்கு வழி தெரிஞ்சு திரும்பி வந்துட்டு! என் மிடாவுக்குள்ள போனா வெளிய வராது. வாய் குறுகல்."

சுப்பையா அண்ணாச்சி கொஞ்ச நேரம் மிடாவைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த ஆணிகளைக் காளைத் தலையைச் சுற்றி, துப்பி, உள்ளே போட்டார். 'களுக்' என்று ஒரு சத்தம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஏலே, சத்தம் நல்லாருக்குலே!" என்றார். ரோட்டில் வீசினால் இப்படிச் சத்தம் வராது அல்லவா? இரண்டு நாளில் அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே வண்டியை நிறுத்துகிறவர்கள் வந்துவிட்டார்கள். நான் பொறுக்கிய ஆணியும் அதிலேயே விழுந்தது.

வாரம் ஒன்று கழிந்தது. ஒரு காலையில் தேவசகாயம் வாத்தியார் ரோட்டிலேயே சைக்கிளில் வந்தார். "சொடலமுத்து, ஆணியவே காணுமே!" என்று கூவிக்கொண்டு போனார். கச்சேரிக்காரர்களுக்கு அவரே சொல்லிவிட்டார். ஒவ்வொன்றாகச் சைக்கிள்கள் மேடையை விட்டு இறங்கின. நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாதம் பிறந்தது. துவைத்த தலைப்பாகை கட்டிக்கொண்டு மிடாவுக்குப் பக்கத்தில் நின்றேன். சந்தை நாள். பாரவண்டிகள் முச்சந்தியிலிருந்து பாலம் வரை வரிசையாக ஊர்ந்தன. ஒன்பது மணிக்குள் பத்துப் பன்னிரண்டு சைக்கிள் போயிற்று. எல்லாம் ரோட்டில். வேலம்மாள் வந்தாள். அன்று கூடையில் இருந்தவை சுண்ணாம்பும் காவியும் பூசிக் கோலம் எழுதிய பானைகள்.

"உம்ம கல்யாணப் பானை தம்பி. ஏழும் அம்சமா வந்திருக்கு. பொண்ணு வீட்டுல எறக்கப் போறேன்."

"மாத்தல் ஆயிட்டுன்னா..." என்றேன்.

"அதெல்லாம் ஆவாது" என்று சொல்லிவிட்டுக் கழுத்தைத் திருப்பாமல் நடந்தாள்.

அவள் இருபது எட்டுப் போயிருப்பாள். பாளையங்கோட்டைப் பக்கமிருந்து 'பாம் பாம்' என்று சத்தம். இந்த ஊரிலேயே அப்போது இரண்டு மூன்று மோட்டார்தான். ரோடு முழுக்க வண்டி. அக்கரையில் ரயிலுக்கு நேரம். மோட்டார் ஒரு கணம் தயங்கியது. பிறகு இடப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டையும் நடைமேடைமேல் ஏற்றிக்கொண்டு சாய்ந்தவாக்கில் வந்தது. வேலம்மாளால் திரும்பிப் பார்க்க முடியாது. தலையில் ஏழு பானை.

நான் மேடையின் நடுவில் போய் நின்று கையைத் தூக்கினேன். நிற்கவில்லை. அப்போது என் வயிற்றிலிருந்து அந்தச் சத்தம் புறப்பட்டது.

"ஹோ... ஓவ்!"

ரோட்டில் போன அத்தனை காளையும் நட்ட கல்லாக நின்றன. மோட்டாரும் என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அதை ஓட்டியவன் முன்பு வில்வண்டி ஓட்டியவனாம். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் கையும் காலும் தானாக இழுத்துப் பிடித்துவிட்டன என்று பிற்பாடு சொன்னான்.

மோட்டாரின் பின்பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அதன் சொந்தக்காரர். இன்னொருவர் எங்கள் இன்ஸ்பெக்டர் அய்யா. மேடையைப் பார்வையிட வந்துகொண்டிருந்த அய்யாவை வழியில் மோட்டார்க்காரர் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"யாருடே கத்துனது?" என்று கேட்டுக்கொண்டே அய்யா இறங்கினார்.

சுப்பையா அண்ணாச்சி வண்டிமேல் எழுந்து நின்று, "நம்ம போலீசுதான் அய்யா! அவங்க அய்யா தொண்ட அப்படியே வந்திருக்கு!" என்றார்.

மோட்டார்க்காரர், "ரயிலுக்கு நேரமாச்சு வே, வழிய விடும்" என்றார். அய்யா அவர் பக்கம் திரும்பவில்லை. என் முன்னால் வந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

"சொடலமுத்து, மேடையில சக்கரம் இருக்கா, இல்லையா?"

இல்லை என்று சொன்னால் எனக்குக் கல்யாணம். அய்யாவும் அந்த மோட்டாரிலேயே போயிருக்கலாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிந்துபூந்துறை. தலையைத் தூக்கினால் தோப்பு தெரியும். நான் தூக்கவில்லை.

"இருக்கு அய்யா. ரெண்டு."

"எங்க?"

"நீங்க வந்த மோட்டார்ல அய்யா."

கண்ணைத் திறந்தார். "எழுது" என்றார்.

சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். தூண் வரை நடந்து எட்டு எண்ணினேன். பெயர், தகப்பன் பெயர், ஊர், தொழில். மோட்டாருக்குச் சொந்தக்காரர் ஒவ்வொன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சாட்சி என்ற இடம் வந்ததும் அய்யா தம் பெயரைச் சொல்லி, "நான்தான் முதல் சாட்சி" என்றார். இரண்டாவது சாட்சி சுப்பையா அண்ணாச்சி. மோட்டார் பின்வாங்கி ரோட்டில் இறங்கியது. அதன் சொந்தக்காரர் கோபத்தில் ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தே போனார். நல்லவேளை, ரயில் அன்றும் தாமதம்.

என் மாற்றலைப் பற்றி அய்யா ஒன்றும் சொல்லவில்லை. மிடாவுக்குள் எட்டிப் பார்த்தார். கீழே கிடந்த ஒரு ஆணியை எடுத்து உள்ளே போட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு நடைமேடையில் ஏறிப் பாலத்தைப் பார்க்க நடந்தார். முன்னால் வேலம்மாள். கூடையைத் தாண்டிப் போக வழியில்லை.

அதன் பிறகு நடந்ததை, பக்கத்திலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போன சுப்பையா அண்ணாச்சி எனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்.

"பின்னால யாரு? பைய வாரும். கல்யாணப் பானை இருக்கு" என்றாளாம் வேலம்மாள், திரும்பிப் பார்க்காமல்.

"யாருக்கும்மா கல்யாணம்?"

"அங்கன மிடா பக்கத்துல நிக்காருல்லா, அந்தப் போலீசுக்குத்தான். அவர இன்னிக்குக் கடக்கரைக்கு மாத்திருவாவளாம். மாத்தட்டும்! இந்த ஏழு பானையையும் அந்த இன்ஸ்பெட்டர் வீட்டு வாசல்ல எறக்கிட்டுத்தான் மறுவேல பாப்பேன்."



"வேண்டாம்மா" என்றாராம் அய்யா. "பொண்ணு வீட்டுலயே எறக்கிரு. நானும் கூட வந்து வீட்டப் பாத்துக்கிடுதேன்."

"அப்ப எட்டிப் போட்டு வராதியும். பைய வாரும்."

பாலம் முழுவதும் அவள் நடைக்கு அவர் நடந்தார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். கூடையும், அதற்குப் பின்னால் தலைப்பாகையும், ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தன.

ஆவணியில் கல்யாணம். ஏழு பானையில் ஒன்றுகூட விளிம்பு உடையவில்லை. பந்தல் நிறைய ஆட்கள். தாலியைக் கையில் கொடுத்ததும் கெட்டிமேளம் முழங்கியது. அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். முடிச்சு விழவில்லை. நிமிர்ந்தேன். எதிரே முன்வரிசையில் இன்ஸ்பெக்டர் அய்யா உட்கார்ந்திருந்தார், முழங்கால்மேல் நாலாக மடித்த கைக்குட்டையோடு. என்னைப் பார்த்தார். பிறகு, பைய, கண்ணை மூடிக்கொண்டார்.

முடிச்சு விழுந்தது.